விளக்கை அணைத்தால் பூக்கும்

கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டுக்குப் போய் வருகிறவர்கள், மிளகும் அன்னாசியும் மலை வாழைப்பழமுமாகப் பையை நிரப்பிக்கொண்டு இறங்குவது வழக்கம். ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழாவும் அதையொட்டி மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாட்களில் போனால் இன்னொரு ஆசையும் தொற்றிக்கொள்ளும். வீட்டுக்குள் ஒரு பூந்தொட்டி வைத்தால் என்ன?

அப்படி நாற்றுப்பண்ணையில் விசாரிப்பவர்கள் கையில் பெரும்பாலும் வந்து சேர்வது கலாஞ்சோ. ஒரு சாண் உயரம். தடித்து மினுங்கும் பச்சை இலைகள். அதன் மேல் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் கொத்துக் கொத்தாகச் சின்னச் சின்னப் பூக்கள். வாங்கி வந்தால் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும். பிறகு பூ காய்ந்து உதிரும். அதோடு சரி. இலை விடும், கிளைக்கும், தளதளவென்று வளரும், ஆனால் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் ஒரு மொட்டுகூட எட்டிப் பார்க்காது. உரம் போட்டும் பார்ப்பார்கள், தண்ணீரைக் கூட்டியும் பார்ப்பார்கள். "ஏதோ மருந்தடித்துப் பூக்க வைத்து நம் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று கடைசியில் பண்ணைக்காரர் மேல் பழி விழும். இத்தனைக்கும் அதே செடியின் கிளையொன்றை ஒடித்துக் கொண்டுபோய்க் கொல்லைப்புறத்தில் நட்ட பக்கத்து வீட்டில், மார்கழியும் தையுமாகப் பூத்துக் குலுங்கும்.

மண்ணும் தண்ணீரும் உரமும் இரண்டு வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு இரவில் இருக்கிறது. கலாஞ்சோவின் வாழ்க்கையில் முக்கியமான இரண்டு காரியங்கள் இருட்டில்தான் நடக்கின்றன. மூச்சு இழுப்பது ஒன்று, பூப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது மற்றொன்று. முதல் காரியத்தைப் புரிந்துகொண்டால் எப்போது தண்ணீர் ஊற்றுவது என்பது தெளிவாகிவிடும். இரண்டாவதைப் புரிந்துகொண்டால் பூ வரும்.

பள்ளிப் பாடத்தில் ஒளிச்சேர்க்கை பற்றிப் படித்திருப்போம். இலையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத இலைத்துளைகள் உண்டு. அவற்றின் வழியே கரியமில வாயு உள்ளே வருகிறது. வெயிலின் ஆற்றலைக் கொண்டு செடி அதைச் சர்க்கரையாக்குகிறது. நெல்லும் அவரையும் மாமரமும் பகலில் துளைகளைத் திறந்து வைத்து இதைச் செய்கின்றன. இதில் ஒரு நட்டம் இருக்கிறது. வாயு வருவதற்காகத் திறந்த வழியிலேயே இலையின் ஈரம் ஆவியாகிப் போகிறது. வெயில் ஏற ஏற நட்டமும் ஏறும். சாதாரணச் செடியொன்று 1 கிராம் கரியமில வாயுவைப் பிடிக்க 400 முதல் 500 கிராம் தண்ணீரை இழக்கிறது.

பாறை இடுக்கிலும் மணற்பாங்கிலும் வாழும் செடிக்கு இது கட்டுப்படியாகாது. வெயிலில் துளையைத் திறந்தால் தாகம், மூடினால் பட்டினி. தடித்த இலைச் செடிகள் பலவும் இதற்குக் கண்ட வழி, நள்ளிரவில் மட்டும் குழாய்த் தண்ணீர் வரும் தெருவில் குடியிருப்பவர்கள் செய்வதுதான். இரவெல்லாம் விழித்திருந்து குடத்திலும் அண்டாவிலும் பிடித்து வைத்துக்கொண்டு, பகலில் குழாயை எதிர்பாராமல் புழங்குவார்கள். செடி அப்படிப் பிடித்து வைப்பது கரியமில வாயுவை. காற்று குளிர்ந்து ஈரப்பதம் கூடிய இரவில் துளைகளைத் திறக்கிறது. உள்ளே வந்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் பெரிய நுண்குமிழில் நிரப்புகிறது. விடிந்ததும் துளைகளை மூடிவிடுகிறது. வெயில் வந்த பிறகு அந்த அமிலத்தை உடைத்து, வெளிவரும் கரியமில வாயுவை மூடிய இலைக்குள்ளேயே சர்க்கரையாக்கிக்கொள்கிறது. இந்த முறையில் 1 கிராம் வாயுவுக்குச் செலவாகும் தண்ணீர் 50 முதல் 100 கிராம்தான். கலாஞ்சோ சேர்ந்த கிராசுலேசியே குடும்பத்தில் முதலில் ஆராயப்பட்டதால், இதற்குக் கிராசுலேசியன் அமில வளர்சிதை மாற்றம் என்று பெயர். சுருக்கமாக இரவு அமில முறை என்றே இங்கே சொல்லலாம்.

கொல்லிமலையில் இந்த முறையைப் பார்க்க அரிய செடி எதையும் தேடி அலைய வேண்டாம். சோளக்காடு சந்தையில் குவிந்திருக்கும் அன்னாசியும் இரவு அமிலக்காரன்தான். கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, மரக்கிளையில் ஒட்டி வாழும் ஆர்க்கிட்களில் பல என்று பட்டியல் நீளும்.

இலைக்குள் இரவில் நடப்பது எப்படித் தெரிய வந்தது? ஒருவர் இலையைக் கடித்துப் பார்த்ததால்! அதுவும் நம் நாட்டில். பெஞ்சமின் ஹைன் ஜெர்மானியர். மத ஊழியத்துக்காகத் தரங்கம்பாடிக்கு வந்தவர், செடிகளின் மேலிருந்த ஈடுபாட்டால் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் ஆனார். சாமல்கோட்டையிலும் பெங்களூர் லால்பாகிலும் தோட்டங்களைக் கவனித்து, 1819இல் சென்னையில் இறந்தார். நாம் ரணகள்ளி என்றும், 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்றும் சொல்லும் செடி அவர் தோட்டத்தில் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைத்துக் குட்டிச் செடி முளைக்கிறதா என்று பார்ப்பார்களே, அதே இலை. கலாஞ்சோவின் நெருங்கிய உறவு. அதன் இலை விடியற்காலையில் நன்றாகப் புளிக்கிறது, நடுப்பகலில் சப்பென்று இருக்கிறது, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று ஹைன் கவனித்தார். 1813இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் துணைத் தலைவர் லாம்பெர்ட்டுக்கு இதைக் கடிதமாக எழுதினார். 1815இல் அது சங்கத்தின் ஏட்டில் அச்சானது. இரவில் சேரும் புளிப்பு பகல் வெளிச்சத்தில் கரைகிறது என்பதுவரை அவர் ஊகம் சரி. புளிப்புக்குக் காரணமான அமிலம் எது, அது எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் தெளிவாக இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆயிற்று. ஒரே இலையை வேளைக்கு வேளை கடித்துப் பார்க்கத் தோன்றியதே, அதுதான் எனக்கு வியப்பு.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கடிக்க மட்டும் வேண்டாம். கலாஞ்சோ இனங்களில் இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் உண்டு, அவற்றை மேய்ந்து ஆடுமாடுகள் செத்திருக்கின்றன. பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும் பி.எச். தாள் போதும். ரணகள்ளி இலையொன்றை விடியுமுன் கிள்ளி நசுக்கிச் சாற்றைத் தாளில் தொட்டு வையுங்கள். நல்ல வெயில் காய்ந்த நாளின் மாலையில் இன்னோர் இலையை அப்படியே செய்யுங்கள். காலைத் தாள் அமிலத்தின் பக்கம் தெளிவாகச் சாய்ந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு விளம்பரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 'இரவிலும் ஆக்சிஜன் தரும் செடி, படுக்கையறையில் வையுங்கள்' என்று பாம்புக் கற்றாழையையும் இது போன்ற செடிகளையும் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். இரவில் இவை கரியமில வாயுவை இழுப்பது உண்மை. ஆக்சிஜன் தருவது பொய். செடி தரும் ஆக்சிஜன் தண்ணீர் மூலக்கூறு உடைவதால் வருவது, உடைக்க வெளிச்சம் வேண்டும். இரவு அமிலச் செடியும் ஆக்சிஜனைப் பகலில்தான் உண்டாக்குகிறது. அப்படியே உண்டாக்கினாலும் ஒரு தொட்டிச் செடியால் ஓர் அறையின் காற்று மாறிவிடப்போவதில்லை.

இனி தண்ணீர். வீட்டுக்குள் வைத்த கலாஞ்சோக்கள் செத்துப்போவதற்கு முதல் காரணம் தாகமல்ல, பாசம். தினமும் காலையில் ஒரு செம்பு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ரோஜாச் செடி பகல் முழுக்க இலை வழியே தண்ணீரை வெளியேற்றுவதால் வேர் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், தொட்டி மண் காயும். கலாஞ்சோ பகலில் துளைகளை மூடிவைத்திருக்கும்போது அந்த உறிஞ்சலே சொற்பம். ஊற்றிய தண்ணீர் மண்ணிலேயே தங்குகிறது. மண்துகள்களுக்கு இடையில் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொள்ள, வேருக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. மூச்சடைத்த வேரில் அழுகல் பூஞ்சை ஏறும். அப்போது இலை துவளும். துவள்வதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு செம்பு ஊற்றுவார்கள். ஆகவே விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டு விரற்கடை ஆழம் காய்ந்திருந்தால் தொட்டியின் அடித்துளை வழியே ஒழுகும் அளவுக்கு ஊற்றலாம். ஈரம் தட்டுப்பட்டால் விட்டுவிடலாம். செம்மண்ணோடு ஆற்றுமணலைத் தாராளமாகவும் மட்கிய எருவைக் கொஞ்சமாகவும் கலந்தால் நீர் தங்காது. அடித்துளை இல்லாத பீங்கான் தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

பூவுக்கு வருவோம். 1918 வாக்கில் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் இப்படியொரு புதிரோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மேரிலாந்து மாமத் என்ற புகையிலை ரகம் கோடையில் வயலில் ஆளுயரம் தாண்டி வளர்ந்தது, பூக்கவில்லை. குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலுக்குள் குட்டையாக இருக்கும்போதே பூத்தது. வெப்பமா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கடைசியில் கோடை நாட்களில் மாலை வரும் முன்பே தொட்டிகளை ஓர் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி, பகலைக் குட்டையாக்கினார்கள். புகையிலை பூத்துவிட்டது. பகல், இரவு நீளத்தைப் பார்த்துச் செடி நடந்துகொள்ளும் இந்தப் பண்புக்கு ஒளிக்காலத்துவம் என்று பெயர். பகல் குறையும்போது பூப்பவை குறும்பகல் தாவரங்கள். சாமந்தி அவற்றில் ஒன்று, கலாஞ்சோ இன்னொன்று.

ஆனால் செடி உண்மையில் அளப்பது பகலையா? 1938இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தையை வைத்து இதைச் சோதித்தார்கள். நம்மூர்த் தரிசுகளில் மண்டி, வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் முள்காய்ச் செடிதான். பகலின் நடுவே செடியைச் சற்று நேரம் இருட்டில் வைத்தார்கள், எதுவும் மாறவில்லை. நீண்ட இரவின் நடுவே சற்று நேரம் விளக்கைக் காட்டினார்கள், பூக்காமலே போய்விட்டது. ஆக, செடி கணக்கெடுப்பது இரவை. அதுவும் இடையில் வெளிச்சம் படாத முழு இரவை. 'குறும்பகல்' என்ற பெயர் அதற்குள் பாடநூல்களில் ஊன்றிவிட்டதால் இன்றும் மாறவில்லை.

இரவு முடிந்துவிட்டதா என்று இலைக்குச் சொல்வது ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம். சிவப்பு ஒளி பட்டால் அது ஒரு வடிவத்துக்கு மாறும். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் தூரச் சிவப்பு ஒளி பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நேரத்தை எண்ணுவது செல்லுக்குள் இருக்கும் உயிரியல் கடிகாரம். கலாஞ்சோவின் பூவே அந்தக் கடிகாரத்துக்குச் சாட்சி. அதன் இதழ்கள் பகலில் விரிந்து இரவில் குவியும். பூவைக் கிள்ளி முழு இருட்டறையில் வைத்தாலும் சில நாட்களுக்கு அதே தாளத்தில் விரிந்து குவிந்துகொண்டிருக்கும். ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதைப் பல காலம் ஆராய்ந்தார்கள். (வெளிச்சமே புகாத குகையில் வாழும் வௌவால்களிடம் இதே கடிகாரத்தைத் தேடியவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரன்.) விடிந்துவிட்டதாக ஃபைட்டோகுரோம் சொல்லாத நேரம் போதிய அளவு நீண்டால், கடிகாரம் அதைக் குறித்துக்கொள்ள, பூப்பதற்கான சேதி இலையிலிருந்து தண்டின் நுனிக்குப் போகும்.

கலாஞ்சோவுக்கு அந்தப் போதிய அளவு ஏறக்குறைய 12 மணி நேரம். இந்த எண்ணை நம் ஊரின் வானத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். செம்மேடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரியைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. அங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகல், டிசம்பர் கடைசியில், சுமார் பதினொன்றரை மணி நேரம். அப்படியானால் இரவு பன்னிரண்டரை. அந்தி வெளிச்சத்தையும் விடியல் வெளிச்சத்தையும் கழித்தால் முழு இருட்டு 12 மணியை ஒட்டித்தான் நிற்கும். ஐரோப்பாவில் குளிர்கால இரவு 16 மணி நேரம் நீளும் என்பதால் அங்கே கொஞ்சம் சிந்தினாலும் மிச்சமிருக்கும். நமக்குக் கைவசம் இருப்பது அரை மணிக்கும் குறைவு. கொல்லைப்புறச் செடி அந்த அரை மணியைப் பிடித்துக்கொண்டு மார்கழியில் பூக்கிறது. கூடத்து அலமாரியில் இருக்கும் செடிக்கோ ஆறரைக்கு டியூப்லைட் எரிந்தால் தொடர் பார்த்து முடித்துப் பத்தரைக்குத்தான் அணைகிறது. அதன் வாழ்க்கையில் ஆண்டு முழுக்கக் கோடை.

இதில் விந்தை ஒன்று உண்டு. நண்பகல் வெயிலின் வெளிச்சம் 1 லட்சம் லக்ஸ் என்றால், இரவில் கூடத்து விளக்கின் வெளிச்சம் இருநூறோ முந்நூறோதான். நம் கண் இரண்டுக்கும் பழகிக்கொள்வதால் வித்தியாசம் உறைப்பதில்லை. அந்த விளக்கை மட்டும் நம்பிச் செடி சர்க்கரை தயாரிக்க முடியாது, பட்டினியில் நெட்டையாக வெளிறிப்போகும். ஆனால் ஃபைட்டோகுரோமைத் தட்டி எழுப்ப அதில் கடுகளவு போதும். ஒரே விளக்கு, உணவுக்குப் பற்றாது, பூவைத் தடுக்கப் பற்றும். எனவே பகலில் நல்ல வெளிச்சம் வரும் சன்னலோரமும் இரவில் விளக்கெரியாத அறையும் சேர்ந்து அமைந்த இடம்தான் கலாஞ்சோவுக்கு ஏற்றது. தெருவிளக்கு நேரே விழும் சன்னல் உதவாது.

அப்படி இடமில்லாதவர்களுக்கு ஓர் அட்டைப்பெட்டி போதும். ஐப்பசியில் தொடங்கி, தினமும் மாலை ஐந்தரைக்குத் தொட்டியைக் கவிழ்த்த பெட்டியால் மூடி, காலை ஏழரைக்கு எடுங்கள். 14 மணி நேர இருட்டு. ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும். சில நாட்கள் செய்து நிறுத்தினால் பூக்காமலே போகும் என்றில்லை, கொத்து சிறுத்துப்போகும். நீண்ட இரவு எத்தனை வாய்த்ததோ அதற்கேற்பப் பூக்களின் எண்ணிக்கையும் ஏறும். மொட்டு தெளிவாகத் தெரிந்ததும் பெட்டியை விட்டுவிடலாம். பண்ணைக்காரர் அடித்த 'மருந்து' இதுதான்: கறுப்புத் துணி. பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் இந்த வித்தையை இரண்டு பக்கமும் ஆடுவார்கள். தண்டு நீளும்வரை நள்ளிரவில் பல்பு எரித்துப் பூவைத் தள்ளிப்போடுவார்கள். பிறகு கறுப்புத் துணியால் மூடிப் பண்டிகை நாளுக்குப் பறிப்பு வரும்படி வரவழைப்பார்கள்.

இரவு மூச்சும் இரவுக் கணக்கும் தனித்தனி விஷயங்கள் என்றுதான் வெகுநாள் தோன்றியது. 1954இல் கிரெகரி, ஸ்பியர், திமான் மூவரும் கலாஞ்சோவில் அவை இரண்டும் பின்னிக் கிடப்பதைக் காட்டினார்கள். நீண்ட பகலில் வளர்ந்த செடி இரவில் கரியமில வாயுவைப் பிடிப்பது அற்பம், கிட்டத்தட்ட சாதாரணச் செடி மாதிரிதான். நீண்ட இரவுகளைக் கொடுத்ததும் இரவு அமில முறை வேகம் பிடித்தது. பிறகு பிரான்சின் கிஃப்-சூர்-இவெட் ஆய்வகத்தில் கெய்ரோசும் அவர் குழுவினரும் இதைத் தொடர்ந்தார்கள். இரவின் நடுவே சிறிது சிவப்பு ஒளி காட்டினால் பூ மட்டுமல்ல, அமிலம் சேர்ப்பதும் அடங்குகிறது, இதற்கும் கதவு ஃபைட்டோகுரோம்தான் என்று கண்டார்கள். ஆக, கூடத்து டியூப்லைட் தடுப்பது பூவை மட்டும் அல்ல. தண்ணீரைச் சிக்கனம் பிடிக்கும் அந்தப் பழக்கத்தையும் செடி முழுதாகக் கைக்கொள்ளாமலே இருந்துவிடுகிறது.

ஏன் இப்படி முடிச்சுப் போட்டிருக்கிறது? செடியின் பிறந்த ஊரைப் பார்த்தால் ஊகிக்கலாம். இது மடகாஸ்கர் தீவின் வடக்கே சரடனானா மலைப்பகுதியைச் சேர்ந்தது. 1932இல் ஜெர்மனியின் பாட்ஸ்டம் நகரில் ராபர்ட் பிளாஸ்ஃபெல்டு இதை அறிமுகப்படுத்தினார், செடியின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. அந்த மலை நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 14 டிகிரியில் இருக்கிறது, செம்மேடு வடக்கே 11. ஏறக்குறைய அதே குறுகிய ஏற்ற இறக்கமுள்ள வானம், பருவம் மட்டும் தலைகீழ். அங்கே நீண்ட இரவு வருவது ஜூன் மாதத்தில், மழை ஓய்ந்த வறண்ட காலத்தில். இரவு நீள்கிறது என்றால் இனித் தண்ணீர் கிடைக்காது என்று பொருள். வறட்சி வந்து தாக்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே மூச்சை இரவுக்கு மாற்றிக்கொள்வது செடிக்கு லாபம்.

இதை வைத்துப் பார்த்தால் மலைக்கு மேலே வசிப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. கொல்லிமலை 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம், நாமக்கல்லை விட ஆறேழு டிகிரி குளிர்ச்சி. அமிலத்தைச் சேர்க்கும் வேலை குளிர்ந்த இரவில் நன்றாக நடக்கும். இரவு புழுங்கினால் நுண்குமிழில் அமிலம் தங்குவது குறைகிறது. சமவெளியில் சித்திரை, வைகாசி இரவுகளில் கலாஞ்சோ களைத்துக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மாதங்களில் உரம் வைக்காமல், தண்ணீரையும் குறைத்து, காற்றோட்டமான இடத்தில் சும்மா விட்டுவிடுவது நல்லது.

மற்றவை எளிது. பூ காய்ந்ததும் கொத்தின் தண்டை அடியோடு கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும். கிள்ளிய கிளையை நடுவதானால், வெட்டுவாய் காயும்படி இரண்டொரு நாள் நிழலில் போட்டுவைத்த பிறகு நடுங்கள். இலைக்கணுவில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி தெரிந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்தால் போதும்.

அட்டைப்பெட்டி வித்தை பலித்துவிட்டதே என்று ரணகள்ளிக்கும் பெட்டி கவிழ்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கலாஞ்சோவுக்கு உறவுதான் என்றாலும் பிடிவாதம் வேறு மாதிரி. வெறும் நீண்ட இரவு அதற்குப் போதாது. முதலில் நீண்ட பகல்களை வேண்டிய அளவு பார்த்திருக்க வேண்டும், நீண்ட இரவுகள் அதற்குப் பின்னால் வர வேண்டும், வரிசை மாறினால் பூக்காது. மாசியிலும் ஐப்பசியிலும் இரவின் நீளம் ஏறக்குறைய ஒன்றே. நாள்காட்டி இல்லாத ஒரு செடி அந்த இரண்டையும் பிரித்தறிய, அதற்கு முந்தைய மாதங்களில் நடந்ததை நினைவில் வைத்திருந்தாக வேண்டும். ஆகவே அதை வேலியோரத்திலேயே விட்டுவிடுங்கள். கோடையைக் கண்டு, மழையைக் கண்டு, பனிக்காலத்தில் தானாகவே மணிமணியாகத் தொங்கவிடும்.